கல்லூரிக்குக் கொண்டுபோன கயிறு

சாம்பல்தீவில் கரைவலை இழுக்கும் நாங்கள், வருடத்தில் ஒரு நாள் டவுனுக்குக் கயிறு அனுப்புவோம். சைவப் பெரியவர்கள் தொடங்கிய, முதலாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் படிக்கும் அந்தப் பழைய கல்லூரியில், நிறுவுநர் நாளன்று கொடி ஏறுவது எங்கள் வலைக்கயிற்றில்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பேச்சும் குறைவு. அதனாலோ என்னவோ, கொண்டுபோகிற வேலை எப்போதும் எனக்கே வரும்.

கயிற்றுக்குக் காரணம் உண்டு. கல்லூரிக் கூரைக்கு வந்த மரங்களைத் துறைமுகத்தில் இருந்து கரையேற்றியவர்கள் எங்கள் ஆட்கள். கூலி வாங்கவில்லை. நிலம் கொடுத்த வியாபாரி தன் பெயரை வைக்கச் சொன்னாராம். தொடங்கியவர்கள் சம்மதிக்கவில்லை. மரம் இழுத்த எல்லாருடைய பெயரையும் வைக்க முடியாது, ஒருவருடையதை மட்டும் வைப்பது நியாயமில்லை என்று கடவுளின் பெயரை வைத்தார்கள். வாசலுக்கு வரும் பிள்ளை எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்றும் அன்றே முடிவெடுத்தார்கள்.

இந்த வருடம், வலை இழுக்கும்போது எனக்குப் பக்கத்தில் நிற்பவனின் மகளுக்கு அங்கே முதலாம் வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து கல்லூரிக்குத் தூரம் அதிகமாம்.

“கயித்துக்குத் தூரமில்லை, பிள்ளைக்குத்தான் தூரம். என்ன மச்சான்?” என்றான். “ஒருக்காக் கேட்டுப் பாரன். நீ வாய் திறந்தா கடல் வத்திப்போகுமே?”

மற்றவர்கள் சிரித்தார்கள். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வழி முழுக்க அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

கல்லூரி அதிபர் மரியாதையானவர். இருக்கக் கதிரை தந்தார், குடிக்கத் தேத்தண்ணீர் தந்தார். பிறகு கயிற்றுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“சேர், எங்களோட வலை இழுக்கிறவரின்ர பிள்ளை...”

“தெரியும் அண்ணை. கிட்ட இருக்கிற பிள்ளையளுக்குத்தான் இடம் எண்டு அரசாங்கச் சுற்றறிக்கை. என்ர கையில ஒண்டுமில்லை. கயிறைத் தாங்கோ, நேரம் போகுது.”

“அப்ப, வாசலுக்கு வாற பிள்ளையைத் திருப்பி அனுப்பிறேல்லை எண்டது?”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மேசையில் கிடந்த நிகழ்ச்சி நிரலை மடித்து வைத்தார்.

“அது அந்தக் காலம் அண்ணை.”

கோபம் என்று சொல்ல முடியாது. கொடுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். விழாப் பந்தலின் பின்வரிசையில் போய், கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு ஆசிரியர் எங்கிருந்தோ நீல நைலோன் கயிறு கொண்டுவந்தார். கொடி அதில் ஏறியது. நன்றாகத்தான் ஏறியது. பிறகு ஒலிபெருக்கியில் மரம் இழுத்த கதையைச் சொன்னார்கள். கரைச் சனத்தின் கயிற்றிலேயே இன்றும் கொடி ஏறுகிறது என்று வாசித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள்.

வெயில் ஏறிய நேரம் கரைக்குத் திரும்பினேன். பிள்ளையின் தகப்பன் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றான். என் தோளில் கிடந்த கயிற்றைப் பார்த்தான். மறுமுனையைப் பிடித்து என்னோடு சேர்ந்து சுருளைப் பிரித்தான்.

“நாளைக்கு இங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்தில கேப்பம். நீயும் வா. இப்ப உனக்குக் கதைக்கத் தெரியும்தானே.”

“ஓம்” என்றேன். கயிறு முழுதாகப் பிரிந்ததும் அதை வலையின் ஓரத்தில் கட்டத் தொடங்கினேன்.