தேவானந்தம் வாங்கச் சொன்ன சிஸ்டம்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் மூன்றாவது தெருவில், ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, தேவானந்தம் இருபத்தாறு வருடமாக ஊரார் கல்யாணங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வீடியோ எடுப்பவர்கள் வேறு. எடுத்ததை வெட்டி, சேர்த்து, பாட்டுப் போட்டு, உட்கார்ந்து பார்க்கும்படி ஆக்குகிறவர் இவர். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முடிச்சூர் ரோட்டில் சாலமன் ஸ்டுடியோ வைத்த புதிதில் இரண்டு வி.சி.ஆர்.களுக்கு நடுவே உட்கார்ந்து, டேப்பை முன்னும் பின்னும் ஓட்டித் தானாகக் கற்றுக்கொண்டது. மணப்பெண் இமையை மூடும்போது காட்சி முடியக் கூடாது, திறந்த பிறகுதான் முடிய வேண்டும். கெட்டிமேளம் கண்ணுக்குத் தெரிவதற்கு அரை நொடி முன்னால் காதில் விழ வேண்டும். போதகர் ஆமென் சொல்லி வாய் மூடும்வரை அவரை விட்டு நகரக் கூடாது. இப்படி அவரிடம் நிறையக் கூடாதுகள் இருந்தன. சாலமன் ஸ்டுடியோ எடுக்கும் கல்யாணமெல்லாம் இந்தக் கூடாதுகளைத் தாண்டித்தான் வெளியே போகும். அவர் குடும்பம் நடந்ததும் அந்த ஸ்டுடியோ கொடுத்த வேலையில்தான்.

கூடாதுகளில் பெரியது, கல்யாண சீசன் நடுவில் கம்ப்யூட்டர் சிஸ்டத்தை மாற்றக் கூடாது என்பது. ஒரு தை மாதம் அவசரப்பட்டு மாற்றியதில், கூடுவாஞ்சேரிக் கல்யாணம் ஒன்றில் தாலி கட்டும் பகுதி மொத்தமும் அழிந்துபோயிற்று. பெண்ணின் அப்பா மாடிப்படி ஏறி வந்து, சத்தம் போடாமல், "அது மட்டும் இல்லீங்களா சார்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து, மாற்றுவதென்றால் ஆடியில்தான் என்று வைத்துக்கொண்டார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மிஞ்சும் ஒன்றிரண்டு சர்ச் கல்யாணங்களைப் பழைய சிஸ்டத்திலேயே முடித்துக்கொண்டு, புதியதை ஒரு மாதம் போட்டுப் பழக்கிவிடலாம்.

கஷ்டம் என்னவென்றால், அவர் கண்வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனிக்கு ஆடி தெரியாது.

அந்தக் கம்பெனியின் மேசைக் கம்ப்யூட்டரைத்தான் வீடியோக்காரர்கள் பெரிய வேலைகளுக்கு நம்புவார்கள். கொரோனா வருடம், அது புது சிப்போடு வரப்போகிறது, தீபாவளி வரை யாரும் எதையும் வாங்காதீர்கள் என்று தேவானந்தம் வட்டாரத்து ஸ்டுடியோக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னார். இங்கிலீஷ் செய்திகளை அகராதி வைத்துக்கொண்டு படித்து, எந்தத் தொழிற்சாலையில் எதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதுவரை பார்த்துத் தானே கண்டுபிடித்தது. சொன்ன வாரத்திலேயே வந்தது. பொறுத்திருந்து வாங்கியவர்கள் அவரைத் தேடிவந்து கைகொடுத்தார்கள். சாலமன் அன்றைக்குத்தான் அவருக்குத் தீர்க்கதரிசி என்று பெயர் வைத்தார். அத்தனை வருடம் கல்யாணம் வெட்டியதற்குக் கிடைக்காத மரியாதை, ஒரு தேதியைச் சரியாகச் சொன்னதற்குக் கிடைத்தது.

அதை வாங்காதவர் தேவானந்தம் ஒருவர்தான். அது வந்தது சீசனில். அடுத்த ஆடிக்குள் வேறு செய்தி வந்துவிட்டது. பெட்டியையே மாற்றி, இதைவிடப் பல மடங்கு வேகமாக, அடியோடு புதிதாக ஒன்று செய்கிறார்களாம். ஆறு மாதத்தில் வரும் என்றார்கள். ஆறு மாதம் கழித்து, அடுத்த ஜூனில் என்றார்கள். அந்த ஆடியும் போயிற்று. அதற்கடுத்த ஆடியும் போயிற்று. ஸ்டுடியோக்காரர்கள் கேட்டபோதெல்லாம், "இப்ப இருக்கறதைத் தொடாதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார். மூன்று வருடம் சொன்னார். பெருங்களத்தூரில் புதிதாகத் தொழிலுக்கு வந்த ஃபிரெடி என்கிற பையன் மட்டும் யாரையும் கேட்காமல் கடையில் இருந்த மாடலை வாங்கி வைத்து வேலையை ஆரம்பித்துவிட்டான்.

"உன் கம்ப்யூட்டரு மூணு வருஷமா முழுகாமலே கீதே நைனா, எப்பதான் பெத்துப் போடும்?" என்று படப்பை போட்டோகிராபர் பக்தவச்சலம் பார்க்கும்போதெல்லாம் கேட்டுச் சிரிப்பார்.

வீட்டில் மனைவி மெட்டில்டா சிரிக்கவில்லை. குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் பார்க்கிறவள். நாள் முழுக்க, டாக்டர் இதோ வந்துடுவார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கேயும் அதே பேச்சாக இருந்தது.

"இப்ப இருக்கறதை வாங்கினா நாலு மாசத்துல பழசாயிடும், மெட்டில்டா."

"நம்ம வீட்ல ஓடிட்டிருக்கறது புதுசாங்க?"

அவருடைய சிஸ்டத்துக்கு அப்போது வயது ஒன்பது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம் சாலமன் அவரை ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னார். போனதும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார்.

"தேவா, நம்ம பொண்ணு ஏஞ்சலுக்கு செப்டம்பர் அஞ்சு கல்யாணம். காலைல சர்ச். சாயங்காலம் பீர்க்கன்கரணைல ரிசப்ஷன். காலைல நடந்தது சாயங்காலம் ஸ்கிரீன்ல ஓடணும்."

"அஞ்சு மணி நேரம்தான்ணா இருக்கும் நடுவுல."

"தெரியும். ஃபிரெடி வாரா வாரம் பண்றான். ஜனங்களும் அதைத்தான் கேக்கறாங்க. நம்ம வேலை பாதி அவன்கிட்ட போனதே அதனாலதான்." சாலமன் குரலைத் தணித்துக்கொண்டார். "அன்னிக்கு எல்லா ஸ்டுடியோக்காரனும் வருவான். போதகருங்க நாலு பேர் வர்றாங்க. எந்த ஸ்டுடியோன்னு வீட்டுக்காரங்க கேட்டா கைகாட்டறது அவங்கதான். சாலமன் கடை படுத்துடுச்சுன்னு ஊர்ல பேச்சு. அது பொய்னு அன்னிக்குத் தெரியணும். இல்லேன்னா கிறிஸ்துமஸோட மூடிடவேண்டியதுதான். சிஸ்டம் ஸ்டுடியோ பேர்ல நான் வாங்கறேன். எதை, எப்பன்னு நீ சொல்லு."

"ஜூன்ல அறிவிக்கறான்ணா. ஜூலைல கைக்கு வந்துடும். ஆடி முழுக்கப் பழக்கிடலாம்."

"நிச்சயமா?"

"இந்தத் தடவை நிச்சயம்."

ஜூன் வந்தது. அமெரிக்காவில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். மறுநாள் காலை ராஜகீழ்ப்பாக்கம் டீக்கடையில் நின்று தேவானந்தம் அதைப் போனில் முழுவதும் படித்தார். போனில் எழுத்து எந்த வடிவத்தில் தெரியும், கைக்கடிகாரத்தில் என்ன புதிது என்றெல்லாம் இருந்தது. மேசைக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசிவரை படித்துவிட்டு, விட்டுப்போயிருக்குமோ என்று மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தார். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

அன்றைக்கே சாலமனைப் பார்க்கப் போனார்.

"அக்டோபர்ல வருதுண்ணா."

"கல்யாணம் செப்டம்பர்ல."

"இருக்கறதை வாங்கினா மூணே மாசத்துல வீணாயிடும். மூணு வருஷம் பொறுத்தோம்."

"பொறுத்தது நீ, தேவா. நான் உன்னை நம்பினேன், அவ்ளோதான்." சாலமன் கோபப்படவில்லை. "சரி, உன் பழசுல பண்ண முடியுமா? அதையாவது சொல்லு."

தேவானந்தம் வீட்டுக்கு வந்து, பழைய கல்யாணம் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு வெட்டிப் பார்த்தார். முடித்து வெளியே எடுக்க ஒன்பது மணி நேரம் ஆயிற்று. படத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தால் ஐந்து மணி நேரத்துக்குள் அடக்கலாம். அது அவருக்குத் தெரியும். ஆனால் மண்டபத்து எல்.ஈ.டி. திரையில் அது கலங்கித் தெரியும். எல்லா ஸ்டுடியோக்காரர்களும் உட்கார்ந்திருக்க, தன் கையால் வெட்டிய ஒன்று கலங்கலாக ஓடுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சாலமனுக்குப் போன் செய்தார்.

"ரெண்டு வாரம் கழிச்சுத் தர்றேன்ணா. இந்த ஊர்ல யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டாங்க."

"ரெண்டு வாரம் கழிச்சு மண்டபத்துல யாருப்பா இருப்பா?" என்றார் சாலமன்.

அதற்கப்புறம் ஆடி முழுக்க அவரிடமிருந்து போன் இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தது. கணவன், மனைவி இருவர் பேரையும் சாலமன் தன் கையெழுத்திலேயே எழுதியிருந்தார்.

ரிசப்ஷனில் மெட்டில்டாவும் அவரும் ஆறாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். ஏழரை மணிக்கு விளக்கைத் தணித்துவிட்டு, காலையில் நடந்த கல்யாணத்தைத் திரையில் ஓடவிட்டார்கள். ஃபிரெடி மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசையில், கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். தேவானந்தம் பார்த்தார். ஏஞ்சல் இமை மூடும்போது காட்சி முடிந்தது. போதகரின் ஆமென் பாதியில் போயிற்று. மோதிரம் போடும் இடத்தில் பாட்டு ஒரு அடி பிந்தி விழுந்தது. மொத்தம் நான்கு நிமிடத்தில் பதினோரு தப்பு. பக்கத்தில் திரும்பினார். மெட்டில்டா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் சாலமன், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க அழுதார். கைதட்டல் ஓய ரொம்ப நேரமாயிற்று. ஒரு போதகர் எழுந்துபோய் ஃபிரெடியிடம் போன் நம்பர் வாங்கினார்.

"நல்லா இருந்துச்சுல்ல?" என்றாள் மெட்டில்டா.

"அவசர வேலை," என்றார்.

"அவசரந்தாங்க. இன்னிக்குத்தானே கல்யாணம்."

பக்தவச்சலம் பந்தியில் எதிரே உட்கார்ந்தார். "இன்னா சார், எப்ப வருது?" என்று கேட்டார். வழக்கமான கேலி அதில் இல்லை. பேச வேறொன்றும் இல்லாததால் கேட்டதுபோல இருந்தது. அதுதான் தேவானந்தத்துக்கு உறைத்தது. பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

செப்டம்பர் முடிவதற்குள் முடிச்சூர் ரோட்டுப் பலகையில் சாலமன் பேருக்குக் கீழே ஃபிரெடி பேரும் ஏறிவிட்டது. இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். தேவானந்தத்துக்கு வேலை எதுவும் வரவில்லை. வராது என்று யாரும் சொல்லவுமில்லை. அவர் காலையில் குளித்து, மாடி அறைக்குப் போய், செய்திகளைப் படித்துவிட்டு இறங்கி வந்தார். எப்போது என்று கேட்க ஆளில்லாவிட்டாலும் படிப்பதை விடவில்லை. அக்டோபரில் அவருக்குக் கண்ணால் பார்ப்பதுபோலத் தெரிந்துவிட்டது. கடைகளில் பெரிய மாடலுக்கு டெலிவரி ஒரு வாரம் என்றிருந்தது ஐந்து வாரமாகத் தள்ளிப்போயிருந்தது. சின்ன கடைக்காரர்கள் விலையைக் குறைத்து இருப்பைத் தள்ளிவிட ஆரம்பித்திருந்தார்கள். கொரோனா வருடத்தில் புதியது வருமுன்பும் இப்படித்தான். இன்னும் இருபது நாள், மிஞ்சினால் இருபத்தைந்து. மூன்று வருடத்தில் ஒருநாளும் அவருக்கு இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்ததில்லை.

அந்த வாரம்தான் சாலமன் போன் செய்தார். பின்னால் கடைச் சத்தம் கேட்டது.

"தேவா, கடைல நிக்கறோம். ஃபிரெடி வச்சிருக்கறது ஒண்ணு பத்தல. இன்னொண்ணு பெரிய மாடல் ஒரே பீஸ் இருக்கு, இன்னிக்கே எடுத்துக்கலாங்கறான். உன்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கலாம்னு. புதுசு எதுவும் வருதா?"

தேவானந்தம் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். பொறுங்கள் என்று மூன்று வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். இன்றைக்கு மட்டும் அது உண்மை. அவர்கள் இன்று எடுக்கும் பெட்டியை இருபது நாளில் பார்த்து ஊரே சிரிக்கும், ஃபிரெடி தலையில் கைவைத்துக்கொண்டு உட்காருவான் என்று அவருக்குத் தோன்றியது.

"ஒண்ணும் வர்ற மாதிரி இல்லண்ணா. எடுத்துடுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"தேங்க்ஸ்ப்பா," என்று சாலமன் வைத்துவிட்டார்.

இருபத்திரண்டாவது நாள் அது வந்துவிட்டது. புதுப் பெட்டி, பழையதில் பாதி உயரம், அவர் எழுதி வைத்திருந்த வேகம், எல்லாம் அவர் கணித்தபடியே. தேவானந்தம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒருநாள், இரண்டுநாள், ஒரு வாரம். யாரும் கூப்பிடவில்லை. தாங்கமாட்டாமல், ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்று மெட்டில்டாவிடம் சொல்லிவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனார்.

ஃபிரெடி அந்தப் பெரிய மாடலின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். இரண்டு ஸ்கிரீன் ஓடிக்கொண்டிருந்தன. சாலமன் அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா, உக்காருங்க," என்று ஃபிரெடி எழுந்து நாற்காலி கொடுத்தான். "புதுசு வந்துடுச்சாமே? போட்டோ பார்த்தேன், நல்லாத்தான் கீது."

"நம்ம ஊர்ல கைக்கு வர பொங்கல் ஆயிடுமாம்," என்றார் சாலமன். "நல்லவேளை, அன்னிக்கு நீ எடுன்னு சொன்ன. இது வந்த நாள்லேர்ந்து பதினாலு கல்யாணம் முடிச்சுட்டான். கிறிஸ்துமஸ் கழிச்சு ஒருநாள் விடாம புக்கிங் இருக்கு. உன்னாலதான்ப்பா."

அவர் மனசாரத்தான் சொன்னார். தேவானந்தம் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தார், எங்காவது குத்தல் இருக்கிறதா என்று. இல்லை. டீ சொல்லட்டுமா என்று ஃபிரெடி கேட்டான். வேண்டாம் என்றார். ஹார்ட் டிஸ்கை மேசைமேல் வைத்தார். கிளம்பியிருக்கலாம். நன்றியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போவதுதான் அவரால் முடியவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா."

"என்னது?"

"நீங்க கடைலேர்ந்து கேட்டப்ப. இருபது நாள்ல வரும்னு தெரியும். தெரிஞ்சுதான் எடுக்கச் சொன்னேன்."

ஃபிரெடியின் கை மௌஸில் நின்றது. சாலமன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். திட்டுவார் என்று தேவானந்தம் நின்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அந்தப் பொய்யை மூணு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, தேவா," என்றார் சாலமன். சொல்லிவிட்டு ஸ்கிரீன் பக்கம் திரும்பி, அடுத்த கல்யாணத்தை வைக்கும்படி ஃபிரெடியிடம் சொன்னார்.