பத்துக்கு மூணு வாங்கின பூசணிப் பூ

போன மாதம் ஒரு காலை, குறிஞ்சிப்பிட்டியிலிருந்து மச்சான் நிலாம் போனில் கோல் எடுத்தார். என்னை ‘நானா’ என்று கூப்பிடும் என் தங்கச்சி பரீதாவின் மாப்பிள்ளை.

“மச்சான், பூசணிப் பிஞ்செல்லாம் மஞ்சளிச்சு விழுது. நீங்க சயன்ஸ் மாஸ்டர்தானே, ஒருக்கா வந்து பாருங்க.”

முப்பது வருஷம் சயன்ஸ் படிப்பித்தவன்தான் நான். ஒரு பூசணி விதைகூட ஊன்றியதில்லை... ஆனாலும் போனேன். மாஸ்டர் என்று கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

விஷயம் சின்னதில்லை. போன வருஷம் மீன்பிடி போட் கவிழ்ந்து, பாதி நாள் கடலில் மிதந்த மனுஷன் நிலாம். பரீதா அழுது, சண்டை பிடித்து, கடலை விடவைத்து, இந்த மணல் தோட்டத்தில் இறக்கினாள். இந்தப் போகம் காய்க்காவிட்டால் திரும்பவும் போட்தான். அந்தப் பயம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

தோட்டம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கொடி நிறைய மஞ்சள் பூ. காய்தான் இல்லை.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். இலையைத் திருப்பினேன். மண்ணை முகர்ந்தேன். பிறகு தீர்ப்புச் சொன்னேன் — “சத்துக் குறைவு. டொனிக் அடிங்க.” தெரியாததை உறுதியாகச் சொல்லப் பயிற்சி வேண்டும். எனக்கு அது நிறையவே இருக்கிறது.

நிலாம் டொனிக் அடித்தார். கூடவே வழக்கமான பூச்சி மருந்தும். எப்போது? சுபஹு தொழுத கையோடு. எங்கள் பக்கம் வெயில் ஏறினால் காற்றும் ஏறும். ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிப் பறக்கிற காற்று அது. அதில் அடித்தால் மருந்து பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போகும். அதனால் இங்கே விடியவே அடித்து முடித்துவிடுவார்கள்.

அடுத்த கிழமை போனால், நிலைமை இன்னும் மோசம்.

“நானா, இவர் பள்ளிவாசல்துறை போட்காரரோட கதைச்சிட்டாராம்” என்றாள் பரீதா. விறுவிறென்று கொடிக்குள் இறங்கினாள். குனிந்து ஒரு பூவைக் காட்டினாள். உள்ளே தேனீ ஒன்று செத்துக் கிடந்தது.

பிறகு ஓர் ஆண் பூவைப் பிடுங்கி, இதழை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெல்லத் தேய்த்தாள்.

“என்ன செய்றாய்?” என்றேன், சயன்ஸ் மாஸ்டரான நான்.

“தேனீட வேலைய, நானா. பூ விரியிறதும் விடியத்தான், அதுகள் வாறதும் விடியத்தான், நாங்க மருந்தடிக்கிறதும் விடியத்தான். பிறகு எது மிஞ்சும்?”

நிலாமுக்கு நம்பிக்கை வரவில்லை. “பூவுக்குக் கீழ பிஞ்சு இருக்குதே?”

“அது காய்க்குப் போட்ட விண்ணப்பம். மகரந்தம் வந்தாத்தான் சைன் விழும்.”

உண்மைதான். பெண் பூவின் நடுத்தண்டு நுனியிலுள்ள குறியில் மகரந்தத் தூள் ஒட்ட வேண்டும். அதிலிருந்து மயிரைவிட மெல்லிய குழாய் முளைத்து, தம்பம் என்கிற அந்தத் தண்டுக்குள்ளால் இறங்கி, சூல்வித்தைத் தேடிப் போய் ஆண் கருவை ஒப்படைக்கும். கருக்கட்டி வித்து உருவானால்தான் பிஞ்சு பருக்கும். இல்லாவிட்டால் கொடி வீணாகச் செலவழிக்காது, கழற்றிவிடும். இதையெல்லாம் கரும்பலகையில் கலர் சோக்கால் கீறியவன் நான். குழாய்க்குச் சிவப்பு. டொனிக்குக்கு மட்டும் அந்தப் படத்தில் இடமே இருக்கவில்லை.

அன்றிலிருந்து காலையில் இருவரும் பூவும் கையுமாகத்தான் திரிந்தார்கள். பூச்சி மருந்து பின்னேரத்துக்கு மாறியது — பூ மூடி, காற்று அடங்கிய பிறகு.

இந்தக் கிழமை போனேன். கொடிக்குக் கொடி தேங்காயளவில் காய். போட்காரர் இரண்டு தரம் கோல் எடுத்தாராம். தோட்டத்தில் வேலை என்று சொல்லிவிட்டாராம் நிலாம்.

தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே பரீதா கேட்டாள். “எட்டாம் வகுப்புல இதே பூப்படத்துக்கு எனக்குப் பத்துக்கு மூணு போட்டீங்களே நானா, ஞாபகமா?”

ஞாபகம் இல்லாமலா? பெயர் குறிக்கிற கோடுகளை அவள் ரூலர் பிடித்துக் கீறியிருக்கவில்லை.