ஷ்யாமளாவின் காருக்கு வந்த டீசல் எஞ்சின்

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் பெண்கள் கார் ஓட்டாமல் இல்லை. டாக்டர் வீட்டு மாமிகள் ஓட்டினார்கள். ஆனால் தரையோடு தரையாகக் கிடக்கும் சிவப்பு நிற எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரை, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டிய கணக்கு டீச்சர் ஷ்யாமளா ஒருத்திதான். தினமும் செம்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போவாள். அவளுடைய தாலிச் சரட்டில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் தொங்கும். எந்தப் பெண்ணுக்குத் தாவணி கிழிந்தாலும் டீச்சரிடம்தான் ஓடி வருவார்கள்.

கார் அவள் அப்பா பஞ்சு கொடுத்தது. கப்பல் கம்பெனியில் ஹெட்கிளார்க். சீமைக்குத் திரும்பிய கம்பெனித் துரை அந்தக் காரை அடிமாட்டு விலைக்கு அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். பஞ்சுவுக்கு ஓட்டத் தெரியாது. மகளுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணத்தின்போது அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

புருஷன் வேங்கடசுப்ரமணியனுக்கு அந்தக் கார் ஆரம்பத்திலிருந்தே கண்ணை உறுத்தியது. பெண்டாட்டி ஓட்டி, தான் பக்கத்தில் உட்கார்ந்து போவதை அவனால் ஜீரணிக்க முடியவில்லை. அவன் அம்மா வாலாம்பாள் வேறு, "கோவில்ல எல்லாரும் கேக்கறாடா, உன் ஆம்படையாள் எங்கே பறக்கறாள்னு" என்று தூபம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

சாவி வாசல் ஆணியில் தொங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொல்லாமல் கொள்ளாமல் அதை எடுத்துக்கொண்டு சிநேகிதனோடு தாணேக்குப் போனான். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கவில்லை. புகை வந்தும் நிறுத்தவில்லை. திரும்பி வரும்போது கார் லாரிக்குப் பின்னால் கயிற்றில் வந்தது. ஷ்யாமளாவுக்கு வயிறு எரிந்தது. செய்ததைச் செய்துவிட்டு, "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று அவன் சொன்னபோது இன்னும் எரிந்தது.

தாராவியில் கார் ரிப்பேர் ஷெட் வைத்திருந்த இசக்கி திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். எஞ்சின் பிளாக் வெடித்திருந்தது. இறக்குமதி கிடையாது, சீமையிலிருந்து ஒரு ஸ்க்ரூகூட வராத காலம். வேறு எஞ்சின்தான் மாற்ற வேண்டும்.

"அம்பாசடர் எஞ்சின் கச்சிதமா உக்காரும்மா. ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைய. இல்லன்னா டீசல் இருக்கு, வேன்லேருந்து எறக்குனது" என்றான்.

அன்றிலிருந்து வேங்கடசுப்ரமணியன் டீசல் பாட்டு பாட ஆரம்பித்தான். டீசல் மலிவு, ஆயுசுக்கும் உழைக்கும். காரைத் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன் அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு இசக்கியிடம் தனியாகப் போய்ப் பேசிவிட்டும் வந்தான். செய்த தப்புக்குப் பரிகாரம் தேடுகிறான் போலிருக்கிறது என்று ஷ்யாமளா நினைத்தாள். பாவமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை இருவரும் போனார்கள். ஷெட்டை ஒட்டி ரஹ்மத்துல்லாவின் பழைய இரும்புக் கடை. அங்கே உத்தரத்தில் பெரிய தராசு தொங்கியது. இசக்கி வெடித்த எஞ்சினை ஒரு தட்டிலும் டீசல் எஞ்சினை இன்னொரு தட்டிலும் செயின் போட்டு இறக்கினான். டீசல் தட்டு தரையில் போய் உட்கார்ந்தது.

"ஸாப், நீங்க ஏறுங்க" என்று ரஹ்மத்துல்லா சிரித்தான். வேங்கடசுப்ரமணியனும் சிரித்துக்கொண்டே, பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பழைய எஞ்சின் தட்டில் ஏறி நின்றான். முள் நேராக வந்தது.

"பாத்தியளாம்மா?" என்றான் இசக்கி. "டீசல் போட்டா சார் எப்பவும் பானெட்டு மேல ஏறி உக்காந்திருக்க மாதிரி. ஸ்டியரிங் கல்லா இறுகிரும். ஒங்க கையால திருப்ப முடியாது. இத நான் சார்ட்ட அன்னைக்கே சொல்லிட்டேம்லா."

"என்ன சொன்னே?"

"சார்தான கேட்டாவ, பொம்பள கையால திருப்ப முடியுமான்னு. முடியாதுன்னேன். அப்பம் டீசலே போடுன்னுட்டாவ. ஒங்களுக்கும் தெரியும்னுல்லா நெனச்சேன்."

வேங்கடசுப்ரமணியன் அவசரமாக இறங்கக் காலைத் தூக்கினான். தராசு ஆடியது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஷ்யாமளாவுக்குக் காது இரண்டும் சுட்டன. எஞ்சினைக் கெடுத்தது தெரியாத்தனம். இது தெரிந்தே செய்தது. இத்தனை நாள் மலிவு, ஆயுசு என்று எத்தனை பேச்சு! அவனுக்காகப் பாவப்பட்டோமே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"உன் நல்லதுக்குத்தான் ஷ்யாமளா. நாலு பேர் நாலு விதமாப் பேசறா..."

"பேசட்டும். ஓட்டாதேன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், அதோட போயிருக்கும். இரும்பைக் கொண்டுவந்து வெச்சுன்னா என்னை உக்கார வைக்கப் பார்த்தேள்? வெட்கமா இல்லை?"

"எல்லாரும் பார்க்கறா. இறங்கவிடு."

"நான் ஒண்ணும் பிடிச்சுக்கலை. இறங்கிக்கோங்கோ." அவள் இசக்கியிடம் திரும்பினாள். "அம்பாசடர் எஞ்சினே போடு. பணம் என் சம்பளத்துலேர்ந்து வரும். வண்டி என் பேர்ல இருக்கு. இனிமே யார் வந்து என்ன கேட்டாலும் என்னைக் கேட்காம கை வைக்காதே."

"சரிம்மா" என்றான் இசக்கி. அவனும் ரஹ்மத்துல்லாவுமாக வேங்கடசுப்ரமணியனைக் கைகொடுத்து இறக்கினார்கள். டீசல் எஞ்சின் தடாலென்று தரையில் உட்கார்ந்தது.

புது எஞ்சின் கொஞ்சம் கரகரத்தது. ஷ்யாமளா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மறுபடி செம்பூர் போய் வந்தாள். வீட்டில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு ஞாயிறு காலை வேங்கடசுப்ரமணியன் வாசல் ஆணியைத் தடவினான். அதில் ஒன்றும் இல்லை. கூடத்தில் வாலாம்பாள் அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாவி எங்கே? தாணே வரைக்கும் போகணும்."

ஷ்யாமளா கழுத்துக்குள்ளிருந்து தாலிச் சரட்டை வெளியே இழுத்தாள். ஊக்குகளோடு ஊக்காகக் கார்ச் சாவி தொங்கியது.

"கழட்டிக் குடு."

"நான் கழட்ட மாட்டேன். உங்களுக்கு வேணும்னா உங்க கையாலயே கழட்டிக்கோங்கோ" என்று கிட்ட வந்து நின்றாள்.

அவன் கோபத்தில் சரட்டைப் பிடித்தே விட்டான்.

"வெங்குட்டு! எடுடா கையை!" வாலாம்பாள் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். "நாளும் கிழமையுமா, சுமங்கலி சரட்டுல கையை வெச்சுக் கழட்டறதாவது! உன் ஆயுசுடா அது. சாவியாவது பூட்டாவது, அது அங்கேயே இருக்கட்டும்!"

அவன் கையை எடுத்தான். ஷ்யாமளா சரட்டை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, மாமியாருக்குச் சிதறிய வாழைக்காயைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

அன்று அவன் ரயிலில்தான் தாணேக்குப் போனான்.