நம்பர் பொருந்தாத துப்பாக்கி

பஹ்ரைனில், ஈசா டவுன் பக்கம், ஓர் அரபி வீட்டில் ஒன்பது வருடம் மெக்கானிக்காக இருந்தேன். முதலாளி பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேகரிப்பவர். அவற்றைத் துடைத்து எண்ணெய் போடுவதும் என் வேலைதான்.

ஒருநாள், புதிதாக வாங்கிய துப்பாக்கியை "முழுக்க ஒரிஜினல்" என்று விருந்தாளிகளிடம் காட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "பாய், நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்த இந்தியில் பெருமையாகச் சொன்னேன்: "ஒரிஜினல்னா எல்லாப் பாகத்துலயும் ஒரே நம்பர் இருக்கணும். இதுல குழல்ல ஒரு நம்பர், போல்ட்ல வேற நம்பர். கட்டையும் வேற துப்பாக்கியோடது சார். சேகரிக்கிறவங்க பாதி விலைகூடத் தர மாட்டாங்க."

விருந்தாளிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் காலை, "கலாஸ், ஊருக்குப் போ" என்று விசாவை ரத்து செய்துவிட்டார். அந்தத் துப்பாக்கியை அவர் தலையில் கட்டிய தரகர் இன்றும் அந்த வீட்டில் விருந்து சாப்பிடுகிறாராம்.

இப்போது ஊரில் யாராவது பழைய பொருளைக் காட்டி மதிப்புக் கேட்டால், "வாங்கிட்டீங்களா, இனிமேதானா?" என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன். வாங்கியாகிவிட்டது என்றால், "அருமையா இருக்கு சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.