வலது நாசியில் மட்டும் லாவெண்டர்

ஒரு பிப்ரவரி காலையில் எங்கள் மொட்டைமாடியில் லாவெண்டர் பூத்திருந்தது. புனேயில் அதற்குக் குளிர் முடிகிற வாரங்கள்தான் தோது. ஒரு காம்பைக் கிள்ளி விரல்களுக்கு நடுவே நசுக்கி மூக்கருகே கொண்டுபோனேன். மணம் வந்தது. ஆனால் அடுத்த அறையில் யாரோ வைத்திருப்பதுபோலத் தள்ளி இருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.

மூக்கில் மணம் குறைந்துகொண்டே வருகிறது என்று உணர்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவர் காரணம் தெரியாமல் வேறு ஆளாக மாறிக்கொண்டிருக்கிறார் என்று கவலைப்படுகிறவர்களுக்காகவும்தான். என் விஷயத்தில் இரண்டுக்கும் காரணம் ஒரே நோய். அது தெரிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. கணவர் புனேயை ஒட்டிய ஆகுர்டியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். நான் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். கடைசி மாடி வீடு என்பதால் மேலே இருந்த தளத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அங்கே வாசனைச் செடிகளாக வளர்த்தேன். ரோஸ்மேரி, மரிக்கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை, மராத்திக்காரர்கள் டீயில் போடுகிற கவதி சஹா எனும் எலுமிச்சைப்புல், எல்லாம் சொன்னபடி கேட்கும். லாவெண்டர் கேட்காது. மண்ணில் பாதிக்கு மேல் ஆற்றுமணல் வேண்டும். கைவிரல் ஆழம் காய்ந்த பிறகுதான் தண்ணீர். மழைக்காலம் முழுக்கத் தகரக் கூரைக்கு அடியில் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

லாவெண்டரை வாங்கச் சொன்னவள் என் தங்கை கோமதி. வருடாவருடம் மே மாதம் மகள் மீனாவைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து வருவாள். அப்படி வந்த ஒரு மே மாதம், நெடுஞ்சாலை ஓரத்து நர்சரியில் அந்தச் செடியைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டு நகர மறுத்துவிட்டாள். பல வருடம் கழித்து நான் மணம் சரியாக வரவில்லை என்று போனில் சொன்னபோது, டாக்டரிடம் காட்டு என்று முதலில் சொன்னவளும் அவள்தான். நான் காட்டவில்லை.

அந்த வருடமே ஆகஸ்டில் கோமதி இறந்துபோனாள். மாரடைப்பு. நாற்பத்தாறு வயது.

நான் ஊருக்குப் போனேன். இந்தக் கட்டுரையில் எழுதுவதற்கு மிகக் கடினமான பகுதி இதுதான். எனக்கு அழுகை வரவில்லை. அடக்கிக்கொள்ளவில்லை. உள்ளே எதுவும் இல்லை. கூடத்தில் தங்கையைக் கிடத்தியிருந்தார்கள். அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மீனா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அப்போது அவளுக்கு இருபது வயது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, “கைய விடு மீனா, வேர்க்குது” என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. மூன்றாம் நாள், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். பதினாறாம் நாளுக்குப் போகவில்லை. அதன் பிறகு மீனா என்னோடு பேசவில்லை. அவள் பேசாதது எனக்கு ஒரு குறையாகவும் படவில்லை.

அடுத்த ஒன்றரை வருடத்தில் நான் கொஞ்சம் கொஞ்சமாக எதையும் பொருட்படுத்தாதவள் ஆனேன். விடைத்தாள்கள் திருத்தப்படாமல் மேசையில் கிடந்தன. குளிக்காமல் இருந்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நிவேதா வந்தால் ‘வா’ என்பேன், போனால் ‘சரி’ என்பேன். தங்கை போன துக்கம் உள்ளுக்குள்ளேயே இருந்து அரிக்கிறது என்று கணவர் நம்பினார். மனநல மருத்துவர் ஒருவரும் அப்படித்தான் சொல்லி மாத்திரை கொடுத்தார். ஊரில், பெரியவளுக்குத் திமிர் என்று பேசிக்கொண்டார்களாம்.

பிறகு பார்வை மங்கியது. கரும்பலகையில் நானே எழுதிய எண்கள் தெரியவில்லை. பள்ளியிலிருந்து கணவரை அழைத்துச் சொன்னார்கள். கண் மருத்துவர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கண்நரம்பு வீங்கியிருக்கிறது, அதற்குக் காரணம் கண்ணில் இல்லை, தலையைப் படம் எடுங்கள் என்றார். அது ஏப்ரல் கடைசி. எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் உடலின் உட்பகுதியைப் படம்பிடிக்கும் பரிசோதனை) எடுத்த அன்று மாலையே மருத்துவமனையில் சேரச் சொல்லிவிட்டார்கள்.

மெனிஞ்சியோமா என்றார் மூளை அறுவை மருத்துவர் (மூளையைப் போர்த்தியிருக்கும் உறையிலிருந்து வளரும் கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல). நெற்றிக்குப் பின்னால், மூக்கின் கூரைக்கு மேலே, ஒரு சிறிய ஆரஞ்சுப் பழம் அளவுக்கு இருந்தது. பல வருடங்களாக மெதுவாக வளர்ந்திருக்கும் என்றார். அமைதியாகப் பேசுகிற பெண். இந்தியில் பேசினார். ஒரு பக்க மூக்கை மூடிக்கொள்ளச் சொல்லி மறுபக்கம் காப்பித்தூளை நீட்டினார். இடது நாசியில் ஒன்றுமே இல்லை. வலது நாசியில் காப்பி இருந்தது, லேசாக. அத்தனை நாள் நான் முகர்ந்த எல்லாமே வலது வழியாக மட்டும் வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கட்டியை எடுத்துவிடலாம், கண்ணையும் பெரும்பாலும் காப்பாற்றலாம், ஆனால் முகர்நரம்புகள் இரண்டும் கட்டியோடு ஒட்டிக் கிடக்கின்றன, வாசனை திரும்ப வராது என்றார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தையே பார்த்தார்.

நான் “சரி” என்றேன். பக்கத்தில் கணவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். வண்டியை வெயிலில் விட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

என் மனைவி இப்படிப்பட்டவள் இல்லை என்று அவர் மருத்துவரிடம் சொன்னார். எனக்குத் தெரியும் என்று மருத்துவர் பதில் சொன்னார். மூளையின் முன்பகுதி (ஆசை, அக்கறை, துக்கம் எல்லாவற்றையும் தூண்டிவிடும் இடம்) நசுங்கிக் கிடக்கிறது, அதனால்தான் இவருக்கு எதுவும் உறைக்கவில்லை என்று படத்தில் தொட்டுக் காட்டினார். கணவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் என்மேல் கோபப்பட்டதை நினைத்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு சொன்னார்.

வீக்கம் குறைய ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) கொடுத்து, பதினோரு நாள் கழித்து அறுவைக்குத் தேதி குறித்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பதினோரு நாளும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் கணவர் மாடிக்குப் போய் ஒவ்வொரு செடியாகக் கிள்ளிக்கொண்டு வருவார். கட்டில் ஓரம் உட்கார்ந்து என் இடது நாசியைத் தன் விரலால் மெல்ல மூடுவார்.

“பார்வதி, மோந்து பாரு. நல்லா இழுத்து மோந்து பாரு. ஞாபகம் வச்சுக்கோ.”

நான் முகர்ந்தேன். ரோஸ்மேரி, மரிக்கொழுந்து, கவதி சஹா, லாவெண்டர். அவர் சொன்னதால் முகர்ந்தேன். என்னிடம் மீதமிருந்த கடைசி மணங்கள் அவை என்று தெரிந்திருந்தது. அது ஒரு கணக்கின் விடை தெரிந்திருப்பதுபோலத்தான் தெரிந்திருந்தது. “முடிஞ்சுதா? டிவி போடுங்க” என்று ஒருநாள் சொன்னேன். அன்றும் அவர் தட்டில் கொண்டுவந்த நான்கு இலைகளையும் முகரவைத்துவிட்டுத்தான் எழுந்தார். இன்றைக்கு நான் எதைப் பணயம் வைத்தாவது திரும்பப் பெற விரும்புவது அந்தப் பதினோரு மாலைகளைத்தான்.

அறுவை ஒன்பது மணி நேரம் நடந்தது. விழித்தபோது தலையில் கட்டு, கண்ணில் எரிச்சல். மூன்றாம் நாள் காப்பி கொடுத்தார்கள். சூடு இருந்தது, கசப்பும் இனிப்பும் இருந்தன. காப்பி இல்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாக்குக்குத் தெரிவது உப்பு, புளிப்பு மாதிரி சில சுவைகள்தான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. முதல் மாதங்களில் சாப்பாட்டை வெறுப்பீர்கள். எடை இறங்கும். எனக்குப் பிறகு மொறுமொறுப்பும் காரமும் கைகொடுத்தன. வீட்டில் எரிவாயுக் கசிவுக்கு ஒலியெழுப்பும் கருவியை மாட்டிவிடுங்கள். வைரஸ் காய்ச்சலில் மணம் போனவர்களுக்கு முகர்தல் பயிற்சி (சில வாசனைகளைத் தினமும் முறைவைத்து முகர்வது) பலன் தரலாம் என்றார்கள். நரம்பே அறுபட்டவர்களுக்கு அது இல்லை. யாராவது எண்ணெய்ப் புட்டிகளோடு நம்பிக்கை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினேன். ஜூன் பிறந்து முதல் மழை பெய்திருந்தது. நிவேதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடியேறினேன். மற்ற செடிகள் கழுவிவிட்டதுபோல் நின்றன. லாவெண்டர் அடியிலிருந்து சாம்பல் நிறமாகி, தொட்டதும் காம்பு கையோடு வந்தது. வேர் அழுகியிருந்தது. மழை அத்தனை சீக்கிரம் அழுகவைக்காது.

கணவர் பின்னால் நின்றிருந்தார். “நீ இல்லாதப்போ ஒண்ணும் வாடிரக் கூடாதுன்னு ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினேன்” என்றார். “அதுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது.”

பரவாயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது கேவல். அழுகை என்பதையே மறந்திருந்த உடம்பு அது. எனக்கு வலிப்பு வருகிறது என்றுதான் முதலில் பயந்தேன். மகளும் அப்படித்தான் பயந்தாள். ஈரத்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். செடிக்காகத்தான் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். சற்று நேரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு என் வாயிலிருந்து வந்த பெயர் எனக்கே கேட்டது. கோமதி, கோமதி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பு இறந்தவள், அன்று காலை இறந்ததுபோல் இருந்தது. கூடத்தில் கிடத்தியிருந்த அவள் முகத்தை அன்றுதான் பார்த்தேன். அவள் கால்விரல்களைக் கட்டியிருந்த துணியின் நிறம் வரை தெரிந்தது. எல்லாவற்றையும் கண் எடுத்துவைத்திருக்கிறது. மனம்தான் அங்கே இல்லாமல் இருந்திருக்கிறது.

அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று. கட்டி அழுத்தியது போய்விட்டதால் உணர்ச்சிகள் திரும்புகின்றன, இது நல்ல அறிகுறி என்று மருத்துவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் வீட்டில் துக்கம் கொண்டாட என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை. எல்லோரும் அழுது முடித்து, திதி கொடுத்து, அவளுடைய சேலைகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் மீனாவுக்குப் போன் செய்தேன். அவள் எடுப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. எடுத்தாள். கட்டியைப் பற்றிச் சொன்னேன். கேள்விப்பட்டதாகச் சொன்னாள். அன்றைக்கு உன் கையை விடச் சொன்னேன் என்று ஆரம்பித்து விசும்பினேன்.

“பெரியம்மா, எனக்கு இப்ப அழுகை வரமாட்டேங்கு” என்றாள். “நோய்னு தெரியுது. ஆனா அன்னைக்கு நீங்க சொன்னது இன்னும் காதுல கெடக்கு. நீங்க அழுங்க. நான் போன வைக்கல.”

நான் அழுதேன். அவள் வைக்கவில்லை. பின்னால் பிரஷர் குக்கர் விசிலடிப்பதும், அவள் நடந்துபோய் அடுப்பை அணைப்பதும், திரும்பவந்து நாற்காலியை இழுப்பதும் கேட்டன. இப்போது மாதம் ஒருமுறை பேசுகிறோம். படிப்பு, வேலை என்று பேசுவாள். மே மாதம் வரச் சொன்னேன். பார்க்கலாம் என்றாள். வற்புறுத்தவில்லை.

மாடியில் செடிகள் இருக்கின்றன. புது லாவெண்டர் ஒன்றையும் வைத்திருக்கிறேன். எனக்கு அது இப்போது விரலில் ஒட்டும் பிசுக்கு, தேனீக்களின் சத்தம், ஊதா நிறம், அவ்வளவுதான். பருவங்கள் முன்பெல்லாம் மூக்கு வழியாக வரும். இப்போது காலண்டரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். மழை தரையைத் தொட்ட பிறகுதான் மழை என்று தெரிகிறது. காலையில் உடம்பு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் எழுந்திருக்கிறது. வெயில் ஏறிய பிறகுதான் இந்தப் பக்கம் வருகிறது.

சென்ற வாரம் பங்குனி உத்திரத்துக்கு இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண், என் கூடப் பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டாள். ஒரு தங்கை இருந்தாள், தவறிவிட்டாள் என்றேன்.

“அய்யோ, எப்பங்க அக்கா?”

“போன ஜூன்ல” என்றேன்.

கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் என்னைத் திருத்தவில்லை.