கொம்பன் சாய்ந்த காலை

அவளைத் தளத்தில் எல்லோரும் கொம்பன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கொம்பன் என்பது அவள் ஓட்டிய வண்டி. முன்னால் இரண்டு இரும்புக் கொம்பு, அவற்றைத் தாங்கி நீளவும் சுருங்கவும் செய்யும் ஒரு கை, இடுப்பு உயரத்துக்கு நாலு டயர். மேடு பள்ளம் பார்க்காமல் கல்லையும் கம்பியையும் கொண்டுபோய் மூன்றாம், நாலாம் மாடியில் வைக்கும். வண்டிக்கு வயது இருபத்தாறு. எடை எல்லை மீறினால் கத்த வேண்டிய அலாரம் எப்போதோ வாயை மூடிக்கொண்டது. ஹேண்ட் பிரேக் பேருக்கு இருந்தது.

ஒன்பது வருஷம் தலையில் கல் சுமந்தவள் அவள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் சுமை கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன சமயத்தில், வண்டி ஓட்டியவர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார். வண்டி இரண்டு வாரம் சும்மா நின்றது. "நான் ஓட்டிப் பழகுறேன்" என்று இவளே போய்க் கேட்டாள். லைசென்ஸும் எடுத்தாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது ஒரே ஒருத்தன்தான், கூடப்பிறந்த தம்பி. அதே தளத்தில் கொத்தனார்.

"அதுல உக்காந்து ஊரே வேடிக்கை பார்க்கணுமாக்கா?"

"தலையில கல்லு சுமந்தப்ப ஊரு கண்ண மூடிக்கிட்டிருந்துச்சா?"

அதோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம். அவள் ஏற்றிக்கொடுத்த கல்லில்தான் அவன் சுவர் எழுப்பினான். கை ஜாடைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அன்று காலை நூறு சிமெண்ட் கல் அடுக்கிய பலகையைத் தூக்கிக்கொண்டு, கட்டடத்தை நோக்கிச் சரியும் மண்ணில் வண்டியை நிறுத்தினாள். கையை நீட்டினாள். மேலே தம்பி, "இன்னும் வா, இன்னும்" என்று விரலை ஆட்டினான். மூன்றாம் மாடி விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது படாரென்று ஒரு சத்தம். ஹைட்ராலிக் குழாய் வெடித்து, முன் கண்ணாடி முழுக்க எண்ணெய் பீய்ச்சியது. சட்டென்று இன்ஜினை அணைத்தாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. உள்ளே இருந்த பூட்டு வால்வு அதைப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் இருக்கை இடப்பக்கம் சாய்வதை உணர்ந்தாள். இடது முன் சக்கரம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே எங்கேயோ தண்ணீர்க் குழாய் கசிந்து மண்ணைச் சேறாக்கியிருந்தது, யாருக்கும் தெரியாமல். பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வலது பின் சக்கரம் தரையை விட்டு நாலு விரற்கடை எழும்பியிருந்தது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "இறக்கு, கையை இறக்கு!"

"இறங்காது சார். இறங்கினாலும் குப்புற விழும்."

"அப்ப நீ குதிச்சு வந்துடு."

"பிரேக்குல இருந்து காலை எடுத்தா வண்டி கட்டடத்து மேல போகும். கீழ சாரத்துல ஆறு பேரு நிக்கிறாங்க. மொதல்ல அவங்களை வெளிய அனுப்புங்க."

"சக்கரத்துக்கு முன்னாடி கல்லு வைக்கச் சொல்றேன்."

"தூக்கின லோடுக்கு அடியிலயா? ஒருத்தரும் வரக் கூடாது."

சாரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வெளியே வந்தார்கள். இன்ஜின் அணைந்ததால் பிரேக் கல்லாகியிருந்தது. முழு உடம்பையும் வலது காலில் போட்டு மிதித்தாள். தொடை நடுங்க ஆரம்பித்தது. வண்டி இன்னும் ஒரு விரல் சாய்ந்தது.

மேலேயிருந்து குரல் வந்தது. "அக்கா."

பக்கத்து ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்தாள். தம்பி இடுப்புப் பெல்ட்டைத் தூணில் மாட்டிக்கொண்டு விளிம்பில் மண்டியிட்டிருந்தான்.

"கல்லை நான் இங்க எடுத்துடறேன். எந்தப் பக்கம் மொதல்ல?"

"இடது பக்கம். என் இடது. உனக்கு வலது. பலகை மேல கைய ஊணாத."

"சரி."

"ஒவ்வொண்ணா எடு. அவசரப்படாத."

முதல் கல்லை எடுத்தபோது வண்டி முனகியது. அவன் கை அப்படியே நின்றது. "எடுடா, ஒண்ணுமில்ல" என்றாள். ஒண்ணுமில்லையா என்று அவளுக்கே தெரியாது. இரண்டு, மூன்று. அவன் எண்ணிக்கொண்டே எடுத்துப் பின்னால் நின்ற ஆளிடம் கொடுத்தான். இருபதாவது கல்லில் அவள் காலுக்கு உணர்ச்சி போய்விட்டது. மிதிக்கிறோமா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இடது காலையும் தூக்கி வலது கால் மேல் வைத்து அழுத்தினாள்.

"அக்கா, நாற்பத்தொண்ணு. எப்படி இருக்கு?"

"பேசிட்டே இரு."

"வீட்ல மழைக்கு ஒழுகுது. கொத்தனார் வீட்டுக் கூரையே ஒழுகுதுன்னு எம் பொண்டாட்டி தினமும் குத்திக் காட்டுறா" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் நழுவுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அறுபத்தெட்டாவது கல்லில் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். பின் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. மீதிக் கல்லையும் எடுத்து முடித்தபிறகுதான், ஆட்களை முன் சக்கரத்துக்குக் கல் வைக்க விட்டாள்.

காலை எடுக்கச் சொன்னார்கள். எடுக்க வரவில்லை. மூன்று மாடியும் ஓடி இறங்கிவந்த தம்பி, மூச்சிரைக்க, அவள் செருப்பைப் பிடித்து ஒவ்வொரு காலாகப் பெடலிலிருந்து எடுத்துவிட்டான். மணற்குவியலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

அரை மணி கழித்து சூப்பர்வைசர் வந்தார். "மெக்கானிக் புதுக் குழாய் போட்டுடுவார்மா. சாயங்காலத்துக்குள்ள ரெண்டே லோடு."

"ஹேண்ட் பிரேக்கும் அலாரமும் சரியாகட்டும் சார். அதுவரைக்கும் ஏற மாட்டேன்."

"வேற ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க. இங்க என்ன நடந்துச்சுன்னு அவர்கிட்டயும் சொல்லுவேன்."

அவர் தம்பியைப் பார்த்தார், நீயாவது எடுத்துச் சொல்லு என்பதுபோல. அவன் கொத்துக் கரண்டியைக் கழுவ ஆரம்பித்தான்.

இரண்டு வாரம் ரிப்பேர் வேலை இழுத்தது. வேறு ஆள் யாரும் வரவில்லை. பிரேக்கும் அலாரமும் மாற்றி, சேற்றைத் தோண்டிக் கல் கொட்டி இறுக்கியபிறகுதான் அவள் ஏறினாள். ஏறுவதற்கு முன் கடப்பாரையால் அந்த இடத்தைத் தானே குத்திப் பார்த்தாள்.

இன்னும் ஓட்டுகிறாள். குளிர்நாட்களில் வலது தொடை பிடித்துக்கொள்ளும். அவள் மறுபடி வண்டியில் ஏறிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை தம்பி பெண்டாட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்கு நாலாவது மாடிக்கு ரெண்டு லோடு வேணும், சீக்கிரம் வந்துடு" என்றான்.