தலை சுற்றுகிறது என்றவரைக் கிண்டல் செய்தேன்

திருவையாற்றில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். அறுவடை நாட்களில் வைக்கோல் தூசி பறந்து வந்து ஈர மையில் ஒட்டும். அதனால் ஜன்னல்களை அடைத்துவிடுவோம். போன தை மாதம், கல்யாணப் பத்திரிகை வேலை நடந்தபோது நான்தான் அடைத்தேன்.

மெஷின் ஓட்டும் குமார் அண்ணன் மையைக் கரைக்கும் தின்னரால் உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தள்ளாடினார்.

"என்னண்ணே, காலையிலயே ஏத்திட்டீங்களா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"தலை சுத்துதுடா, ஜன்னலத் தொற."

"தூசி ஒட்டுன பத்திரிகையப் பாத்தா மாப்பிள்ளை ஓடிருவாருண்ணே!"

சொல்லி முடிப்பதற்குள் சுருண்டு விழுந்தார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் பல வருஷமாகத் தின்னர் ஆவியைச் சுவாசித்ததில் நரம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். பார்க்கப் போனேன். நடுங்கும் கைகளால் டீ டம்ளரைப் பிடித்திருந்தார்.

"ஜன்னலத் தொறந்து வைக்கிறீங்களாடா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவருடைய மெஷினை நான் ஓட்டுகிறேன். ஜன்னலை அடைப்பதில்லை, தூசி பட்ட தாளைத் திரும்ப அடிக்கிறேன். முதலாளியிடம் சண்டை போட்டு, தின்னருக்குப் பதில் தாவர எண்ணெயில் செய்த திரவம் வாங்க வைத்தேன். துடைத்த துணியை மூடியுள்ள டின்னில் போடுகிறேன். யாராவது தலை சுற்றுகிறது என்றால், முதலில் வெளியே கூட்டிப்போகிறேன். கிண்டலெல்லாம் அப்புறம்தான்.